கடைசிக் கட்டிலின் மறுமுனை

பூட்டிக் கிடந்த வார்டுக்குள் அந்த மென்பொருள் பொறியாளர் காலடி வைத்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். ஜன்னல்கள் அடைத்திருந்தன. பினாயில் வாடைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. கெட்டுப்போன இறைச்சியைச் சர்க்கரைப்பாகில் ஊறப்போட்டது போல.

"உள்ள ஆளே இல்ல மேடம். ஆனா எங்க நர்ஸ் மேசை விளக்கு மட்டும் எரிஞ்சு எரிஞ்சு அணையுது," என்றாள் கூட வந்த நர்ஸ். "கடைசிக் கட்டில்லேர்ந்து நோயாளி எங்களைக் கூப்பிடுற மணி அது."

மேசைமேல் இருந்த பழைய கணினிதான் மணிகளை நடத்தியது. அதன் கெர்னலுக்குள், அதாவது இயங்குதளத்தின் மையத்துக்குள், ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஜோடி இணைப்பு முனைகள். ஒரு முனை கட்டில் மணியின் நிரலிடம், மறுமுனை மேசை விளக்கின் நிரலிடம். பொத்தானை அழுத்தினால் கட்டில் நிரல் கெர்னலைக் கூப்பிடும், கெர்னல் மறுமுனையில் சமிக்ஞையை எழுப்பும், விளக்கு எரியும். ஒரு முனையை மூடினால், ஜோடி போய்விட்டது என்று கெர்னல் மற்ற முனைக்குச் சொல்லிவிடும்.

அவள் கட்டில் நிரலை நிறுத்தினாள். கட்டிலருகே போய் மணியின் வயரையும் பிடுங்கினாள். பொத்தான் பிசுபிசுத்தது. விரலை எடுத்தபோது மஞ்சளாக நூல் இழுத்தது.

விளக்கு எரிந்தது.

திரையைப் பார்த்தாள். கட்டில் பக்கத்து முனை இன்னும் திறந்தே இருந்தது. அதைப் பிடித்திருக்கும் நிரல் எதுவுமில்லை.

"இந்தக் கட்டில்ல யாரு இருந்தாங்க சிஸ்டர்?"

"ஒரு பெரியவர். படுக்கைப்புண். முதுகு பூரா புழு வச்சிடுச்சு. மணிய அடிச்சுக்கிட்டே கிடந்தார்." நர்ஸ் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினாள். "நாத்தம் தாங்காம யாரும் கிட்ட போகல. அப்படியே செத்துட்டார்."

விளக்கு மறுபடி எரிந்தது. மறுபடியும்.

"சே, இதையும் மூடித் தொலைக்கிறேன்." மேசை நிரலை நிறுத்தினாள். விளக்கு அணைந்தது.

நர்ஸ் கிசுகிசுத்தாள். "நீங்க மூடினது அந்தப் பக்கத்துக்குத் தெரியுமா?"

"தெரியும். இங்க கேக்க யாருமில்லன்னு தெரிஞ்சிடும்."

கடைசிக் கட்டிலில் ரப்பர் விரிப்பிலிருந்து ஏதோ உரிந்து எழுந்தது. ஈரத்தோல் பிய்யும் சத்தம்.

பிறகு தரையில், சளக்.

சளக்.

ஓடினார்கள். வெளியே குழாயடியில் நர்ஸ் குனிந்து வாந்தி எடுத்தாள். பொறியாளர் அவளுக்கு எதிரே நின்று சோப்பைத் தேய்தேய் என்று தேய்த்தாள், வாடை போகவில்லை. வெயில் சுள்ளென்று அடித்தது. பின்னால் வெறும் முற்றம்.

அவள் முதுகின் நடுவே ஒரு விரல் பட்டது. ஈரமாக, வெதுவெதுப்பாக.

அழுத்தியது.

எடுத்தது. மறுபடி அழுத்தியது.