தொப்பியின் நீளப் பக்கம்

"தொப்பி வருது! தொப்பி வருது!"

ஏரிக்கரைப் பக்கமிருந்து ஒரு பையன் கத்திக்கொண்டே ஓடிவந்தான். அவ்வளவுதான். தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டுக்குள் ஓடி ஒளிந்தார்கள். குழம்புக்காகக் கோழியைத் துரத்திக்கொண்டிருந்த குள்ளம்மாள், கோழியை விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். கோழிக்கு மட்டும் அன்றைக்கு நல்ல நாள்.

அது 1943ஆம் வருஷம். உலகத்தில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன ஊர்க்காரர்கள் சண்டையைப் பார்த்ததில்லை. ஆனால் விளிம்பு வைத்த தொப்பியைப் பார்த்திருந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு யாராவது வந்தால், ஊரிலிருந்து ஏதாவது ஒன்று போய்விடும். போன வருஷம் ஒரு தொப்பி வந்தது, ஆறு ஆடுகள் போயின. அதற்கு முந்தின வருஷம் வந்தபோது இரண்டு வண்டி விறகு போனது.

சாலம்மாளுக்குப் பத்து வயது. அவளுக்குத் தொப்பியைக் கண்டு பயம் இல்லை. தொப்பிக்குக் கீழே தலை இருந்தால்தான் பயம்.

ஏனென்றால், தலையில்லாத தொப்பிகள் அவள் வீட்டிலேயே நிறைய இருந்தன. அவளுடைய அப்பா மாது தையற்காரர். வாரம் ஒருமுறை அரூருக்குப் போய், அங்கே இருக்கும் அதிகாரிகளின் பழைய தொப்பிகளை வாங்கி வருவார். கிழிந்த துணியை உரித்துவிட்டுப் புதுக் காக்கித் துணி போர்த்தித் தைப்பார். விளிம்பின் அடிப்பக்கம் கண் கூசாமல் இருக்கப் பச்சைத் துணி வைப்பார். அந்தப் பச்சைத் துணியைத் தைப்பது சாலம்மாளின் வேலை. அவள் விரல்கள் சின்னவை. ஊசி இடுக்கில் எல்லாம் நுழையும்.

"ஏழேகால்!" என்று அப்பா குரல் கொடுப்பார்.

சாலம்மாள் ஓடிப்போய், தலை மாதிரி உருண்டையாக இருக்கும் ஏழேகால் மரக்கட்டையை எடுத்து வருவாள். தொப்பிக்கு அளவு உண்டு. ஆறேமுக்கால், ஏழு, ஏழேகால், ஏழரை. தொப்பியின் உள்தோலில் அந்த எண் அச்சடித்திருக்கும். அப்பாவிடம் இருந்த கட்டைகளில் பெரியது ஏழரைதான். அதற்கு மேல் தேவைப்பட்டதே இல்லை.

அந்தத் தொப்பிகள் பார்க்கப் பித்தளைச் சட்டி மாதிரி கனமாகத் தெரியும். கையில் எடுத்தால் காற்று மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது நெட்டி, ஏரியில் வளரும் ஒரு செடியின் பஞ்சு போன்ற தண்டு. கோயிலில் சாமிக்கு மாலை கட்டுவார்களே, அதே நெட்டி.

இப்போது தெருவில் வந்துகொண்டிருந்த தொப்பிக்குக் கீழே தலை இருந்தது. தலைக்குக் கீழே பெரிய மீசை இருந்தது. பின்னால் ஒரு மாட்டு வண்டி வந்தது.

"எல்லாரும் வெளியே வாங்க! சர்க்கார் உத்தரவு!"

குரலைக் கேட்டதுமே சாலம்மாள் அம்மாவிடம் ஓடினாள். அம்மா தீர்த்தம்மாள் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அம்மாவின் கை ஈரமாக இருந்தது.

ஊரே தெருவில் வந்து நின்றது. யாரும் நிமிரவில்லை. ஊர்க்காவல் பார்க்கும் தலையாரி மட்டும் நெஞ்சை நிமிர்த்தி ஒரு சலாம் வைத்தார். அவருடைய முழங்கால்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன.

"ஊர் மணியக்காரர் அரூருக்குப் போயிருக்காருங்க சாமி. நாளைக்குத்தான் வருவாரு" என்றார் தலையாரி.

"தெரியும். அவர் இல்லேன்னா உத்தரவு நின்னுடுமா?" என்று அந்த ஆள் அதட்டினார். "சண்டையிலே சிப்பாய்ங்க பட்டினி கிடக்கறாங்க. வீட்டுக்கு ரெண்டு மூட்டை கேழ்வரகு. இப்பவே வண்டியிலே ஏத்தணும். தராதவனைப் பர்மாச் சண்டைக்கு அனுப்பிடுவேன்!"

பர்மா எங்கே இருக்கிறது என்று சாலம்மாளுக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதும் பெரியவர்களே நடுங்கினார்கள்.

"ரெண்டு மூட்டைன்னா விதைக்குக்கூட மிஞ்சாதுங்களே" என்று குள்ளம்மாள் மெதுவாகச் சொன்னாள்.

"என்ன சொன்னே?"

"ஒண்ணும் இல்லீங்க சாமி."

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூட்டைகள் வந்தன. சத்தமே இல்லை. மூட்டை வண்டியில் விழும் 'தொப்' என்ற சத்தம் மட்டும்தான். சாலம்மாள் எண்ணிக்கொண்டே இருந்தாள். எட்டாவது மூட்டைக்கு மேல் எண்ணப் பயமாக இருந்ததால் நிறுத்திவிட்டாள்.

அந்த ஆள் சாலம்மாளின் வீட்டு வாசலுக்கு வந்தார். திண்ணையை எட்டிப் பார்த்தார். அப்பாவின் தையல் மெஷின் அவர் கண்ணில் பட்டது.

"அடடே, மெஷின்! சிப்பாய்ங்களுக்குச் சட்டை தைக்க ஆகும். தூக்கு அதை."

"சாமி! சாமி! அதுதானுங்க எங்க பொழப்பே!" அப்பா மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சாலம்மாள் அப்பா அழுது பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள்.

"கையை எடு! இல்லேன்னா நீ பர்மாவுக்கு, உன் வூட்டுக்காரி ஜெயிலுக்கு!"

அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்திருந்த சாலம்மாளின் தலைக்கு நேர் மேலே அந்தத் தொப்பி இருந்தது. அவள் குட்டை. அதனால் பெரியவர்கள் யாரும் பார்க்காத இடம் அவளுக்குத் தெரிந்தது. அவள் விளிம்பின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

பச்சைத் துணி. சரிதான்.

ஆனால் விளிம்பு ஏன் மூக்கு வரைக்கும் நீண்டிருக்கிறது? அந்த ஆள் ஒவ்வொரு முறை பேசும்போதும் முகவாயைத் தூக்கித் தூக்கித்தான் எதிரே இருப்பவரைப் பார்த்தார். பின்கழுத்திலோ வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

இந்தத் தொப்பிக்கு ஒரு பக்கம் நீளம். அது கழுத்தில் வெயில் படாமல் இருக்கப் பின்னால் வரவேண்டும். இவர் நீளப் பக்கத்தை முன்னால் வைத்திருக்கிறார்!

'அவசரத்தில் திருப்பிப் போட்டிருப்பாரோ?' என்று நினைத்தாள். உடனே இன்னொன்றும் கண்ணில் பட்டது. காதுக்கு மேலே, தொப்பிக்கும் தலைக்கும் நடுவே, மடித்த செய்தித்தாள் எட்டிப் பார்த்தது. தொப்பி பெரியது. தலை சிறியது. விழாமல் இருக்கக் காகிதம் திணித்திருக்கிறார்.

அரூர் அதிகாரிகள் அளவு பார்க்காமல் தொப்பி வாங்குவார்களா? அரை விரல் தளர்ந்தாலே அப்பாவிடம் திருப்பி அனுப்பிவிடுவார்களே!

"அம்மா, அவரு தொப்பி..." என்று கிசுகிசுத்தாள்.

அம்மா அவள் வாயைப் பொத்தினாள். "பேசாதே! உங்கப்பனைக் கொண்டுபோயிடுவாங்க."

அம்மா சொல்வது சரிதான். தான் நினைப்பது தப்பாக இருந்தால்? இவர் நிஜமான அதிகாரியாகவே இருந்தால்? அப்பா பர்மாவுக்கு. அம்மா ஜெயிலுக்கு. அப்புறம் அவள் எங்கே போவாள்?

அந்த ஆள் மெஷினின் சக்கரத்தைப் பிடித்து இழுத்தார். மெஷின் 'கிரீச்' என்றது. அப்பாவின் விரல்கள் ஒவ்வொன்றாக விலகின.

சாலம்மாள் அம்மாவின் கையிலிருந்து நழுவி முன்னால் வந்து நின்றாள். எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"சாமி..."

"என்ன?"

முகவாய் மேலே எழும்பியது. இரண்டு சிவந்த கண்கள் அவளைப் பார்த்தன. சாலம்மாளுக்கு எல்லாம் மறந்துபோனது. அப்போதுதான் தொப்பியில் தொங்கிய வார் கண்ணில் பட்டது.

"சாமி தொப்பியிலே வார் பிஞ்சிருக்குதுங்க. காத்தடிச்சா பறந்துடுமுங்க. எங்கப்பா புது வார் தச்சுத் தருவாருங்க."

அந்த ஆள் வாரைத் தடவிப் பார்த்தார். அது உண்மையாகவே பிய்ந்துதான் இருந்தது. அவர் மீசை மலர்ந்தது. "உம். விவரமான பொண்ணு. மெஷினை ஏத்தறதுக்கு முன்னாடி தச்சுக் குடுக்கட்டும்."

"சரிங்க சாமி. தொப்பி அளவு எத்தனைங்க?"

"என்னது?"

"அளவுங்க. அதைச் சொன்னாத்தான் வார் சரியா வெட்ட முடியுமுங்க."

அவர் வண்டிக்காரரைப் பார்த்தார். வண்டிக்காரர் மாட்டைப் பார்த்தார். அந்த ஆள் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாப்பத்திரெண்டு!"

தரையையே பார்த்துக்கொண்டிருந்த அப்பா அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்தார்.

"எத்தனைங்க?"

"நாப்பத்திரெண்டுய்யா! காது கேக்காதா?"

அப்பா எழுந்து நின்றார். "முப்பது வருஷமா தொப்பி தைக்கிறேனுங்க. எத்தனையோ பெரிய துரைங்க தலையெல்லாம் அளந்திருக்கேன். ஏழரைக்கு மேல ஒரு தலையும் பார்த்ததில்லீங்களே!"

"நாப்பத்திரெண்டா?" என்றாள் குள்ளம்மாள். "அதை எங்க வூட்டுக் குதிருக்குத்தான் போடணும்!"

ஆள் உயரத்துக்கு இருக்கும் அந்தத் தானியக் குதிர் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பதை நினைத்து யாரோ 'களுக்' என்று சிரித்தார்கள். சிரித்தவர் உடனே வாயை மூடிக்கொண்டார். ஆனால் இப்போது எல்லோருடைய தலையும் நிமிர்ந்திருந்தது.

"ஏழரை... ஏழரையெல்லாம் பழைய அளவு! சண்டை வந்தப்புறம் அளவையெல்லாம் மாத்திட்டாங்க!" என்று அந்த ஆள் கத்தினார்.

"அப்படின்னா ஒருதரம் கழட்டிக் காட்டுங்க சாமி" என்றாள் சாலம்மாள். பாவாடையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். "உள்ளே தோல்லே எண்ணு போட்டிருக்குமுங்க. நான் படிச்சுச் சொல்றேன்."

"முடியாது!"

அவர் பின்னால் வெடுக்கென்று திரும்பினார். தலை திரும்பியது. தொப்பி திரும்பவில்லை. ஓரத்தில் இருந்த செய்தித்தாள் பொத்தென்று கீழே விழுந்தது. தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல் தொப்பி கண், மூக்கு எல்லாவற்றையும் மூடி இறங்கியது. அவர் கண் தெரியாமல் ஓடப்பார்த்து, வண்டிச் சக்கரத்தில் மோதி விழுந்தார்.

தலையாரி முதலில் பழக்கத்தில் சலாம் வைக்கப் போனார். பிறகு சுதாரித்துக்கொண்டு அந்த ஆளை அமுக்கிப் பிடித்தார். தொப்பி உருண்டு சாலம்மாளின் காலடியில் வந்து நின்றது.

அவள் அதை எடுத்து உள்தோலைப் பார்த்தாள். "ஏழரை. யாரோ பெரிய தலைக்காரர் தொப்பிப்பா."

"திருட்டுத் தொப்பி!" என்று ஒருவர் கத்தினார்.

அதுவரை பயந்து நின்றவர்களுக்கு இப்போது பயங்கரமான கோபம் வந்தது. தடியை எடுத்தார்கள். சிலர் வண்டிக்காரரையும் பிடித்து இழுத்தார்கள். "இவனும் கூட்டுக் களவாணிதான்! போடுங்க!"

வண்டிக்காரர் வயதானவர். ஆண்டி என்று பெயர். அவர் பேசக்கூட முடியாமல் கைகளைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு குனிந்தார். தொப்பிக்காரர் குரலைவிட இந்தக் குரல்கள் சாலம்மாளை அதிகம் பயமுறுத்தின. இவர்கள் அவளுக்குத் தெரிந்தவர்கள். தினமும் அவளிடம் சிரித்துப் பேசுகிறவர்கள்.

"அடிக்காதீங்க!" என்று கத்தினாள். "அவரும் நம்மள மாதிரிதான் நடுங்கிட்டு இருந்தாரு! நான் பார்த்தேன்! ஒரு மூட்டைகூட அவரு தொடலை!"

தடிகள் பாதியில் நின்றன.

"ஆமாம்மா" என்றார் ஆண்டி. அவர் உதடு துடித்தது. "அரூர்லே வாடகைக்கு வண்டி கேட்டாருங்க. தொப்பியைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரலை. மாட்டைப் பூட்டிட்டு வந்துட்டேனுங்க."

அப்பா அவரைத் தூக்கி நிறுத்தினார். குள்ளம்மாள் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். அந்தத் திருடனை யாரும் அடிக்கவில்லை. மறுநாள் மணியக்காரர் வந்ததும் அரூருக்குக் கொண்டுபோனார்கள். பொம்மிடியில் ரயிலில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவருடைய தலைமாட்டிலிருந்து அவன் தொப்பியை எடுத்தானாம். அது தலையில் ஏறியதும், பார்த்தவர்கள் எல்லோரும் வழிவிட்டார்களாம். அப்போதுதான் இந்த யோசனை வந்ததாம்.

ஆனால் அதெல்லாம் மறுநாள் கதை.

அன்று சாயங்காலம், ஆண்டியே ஒவ்வொரு வீட்டு மூட்டையையும் முதுகில் சுமந்து உள்ளே இறக்கி வைத்தார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் சாலம்மாளின் வீட்டு வாசலில் கூடி, நடந்ததைத் திரும்பத் திரும்பப் பேசினார்கள். தலையாரி, தான் முதலிலேயே சந்தேகப்பட்டதாகச் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

சாலம்மாள் அப்பாவின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் உடம்பு இன்னும் லேசாக நடுங்கியது.

"இன்னும் பயமா இருக்குதா கண்ணு?" என்று அப்பா கேட்டார்.

"ஆமாப்பா. அவரு என்னைப் பார்த்தாரு பாருங்க, அந்தக் கண்ணுதான் வருது."

"எனக்கும்தான் வருது" என்றார் அப்பா. பிறகு அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

உள்ளேயிருந்து கேழ்வரகுக் களி கிண்டும் வாசனை வந்தது. சாலம்மாள் தலையைத் தூக்கினாள்.

"அம்மா, பசிக்குது!"

வழக்கமாக ஒரு உருண்டையைச் சாப்பிடவே அழுகிற பெண், அன்றைக்கு மூன்று உருண்டை சாப்பிட்டுவிட்டு, நான்காவதும் கேட்டாள்.