பாதிக் களைப்பு

காலையில் நான் ஓடுவதில்லை. ரெக்ஸலின் ஓடுவாள், எனக்கு மூச்சு வாங்கும். ஓட்டல் கட்டிலில் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். வெளியே உலான்பாத்தரின் பனியில் அவள் ஒரு மேட்டில் ஏறினால் என் கெண்டைக்கால் இறுகும். அவள் இறங்கினால் என் முழங்கால் முனகும். ஓட்டம் முடிந்து அவள் விசிலடித்துக்கொண்டு உள்ளே வரும்போது, பல் தேய்க்கவும் தெம்பில்லாமல் நான் மல்லாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நான் இந்திய மகளிர் டென்னிஸ் அணியின் தாங்குநர். பெயர் இசக்கியம்மாள், ஊர் அம்பாசமுத்திரம். முன்பு நானும் ஆடினேன். என் சர்வுக்கு வலைமேல் தனிப் பாசம். அதைத் தாண்டிப் போக மனம் வராது. நாட்டுக்காக ஒரே ஒரு முறை ஆட விட்டார்கள். அதன்பின் எல்லோரும் மிக மரியாதையாக என்னை உட்காரச் சொன்னார்கள்.

அந்தச் சமயத்தில்தான் களைப்புக்கடத்தி வந்தது. வெயில் ஏறிக்கொண்டே போய், ஆடுகளத்தில் பெண்கள் மயங்கி விழத் தொடங்கிய காலம். ஆடுகிறவள் காதுக்குப் பின்னால் ஒரு வில்லை, பெஞ்சில் இருப்பவள் காதுக்குப் பின்னால் ஒரு வில்லை. அவள் உடம்பில் சேரும் அசதி, எரிச்சல், தசைப்பிடிப்பு எல்லாம் இவளுக்கு வந்துவிடும். எப்படி என்று பொறியாளர்களிடம் கேட்காதீர்கள், அந்த விளக்கத்தைக் கேட்டாலே களைத்துவிடுவீர்கள். முதலில் ஆபத்துக்கு மட்டும், கொஞ்சமாக என்றார்கள். பிறகு நாடுகளுக்குள் போட்டி வந்தது. இப்போது தேசிய அணிகளில் முழுதாக அனுப்பாத ஆட்டக்காரியே கிடையாது. எவ்வளவு அனுப்புவது என்பது அவள் கைப்பட்டையில் இருக்கிறது. தாங்குநருக்கு ஒரே விதி: நிமிர்ந்து உட்கார வேண்டும். சாய்ந்தால் இணைப்பு அறுந்துவிடும்.

நிமிர்ந்து உட்காருவதில் உலகத் தரம் வாய்ந்தவள் நான். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

நாடுகளுக்கான கோப்பைக்கு உலான்பாத்தரில் நடந்த இறுதிப் போட்டியில் செக் நாட்டுடன் மோதினோம். ஆளுக்கொரு ஆட்டம் வென்று சமநிலை. கடைசி ஒற்றையர் ஆட்டத்தில் எங்கள் ரெக்ஸலினும் அவர்களின் லுட்மிலாவும் மூன்றாவது செட்டுக்கு வந்திருந்தார்கள். நாலு நாலு. பந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பறந்த ஒரு நீண்ட ரேலியின் நடுவில் எனக்குப் பசித்தது.

லேசாக அல்ல, எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கண்முன் வந்து நின்றன. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தாங்குகிறவளுக்கு வாந்தி வரும், கண் இருட்டும், பசி வராது. எதிர்ப் பெஞ்சில் செக் தாங்குநர் சுண்ணாம்பாக வெளுத்து, பல்லைக் கடித்து உட்கார்ந்திருந்தாள். நானோ வறுவலுக்கு ஏங்கிக்கொண்டிருந்தேன்.

இடைவேளைக்கு ரெக்ஸலின் வந்து தொப்பென்று பக்கத்தில் விழுந்தாள். அவள் தொடை தானாகத் துடித்தது.

“ஏட்டி, எவ்வளவு அனுப்புத?”

“பாதி.”

“பாதியா? கிறுக்கு பிடிச்சிருக்கா? அங்க லுட்மிலாவைப் பாரு, கல்யாண வீட்டுக்கு வந்தவ மாதிரி நிக்கா!”

“தெரியும்க்கா.”

“என் வயசைப் பாத்து இரக்கப்படுதியோ? வெளக்குமாறு பிஞ்சிரும்.”

அவள் சிரித்துவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். துண்டுக்குள்ளிருந்து பேசினாள். “அரையிறுதி ஜெயிச்சப்ப எல்லாரும் என்னைத் தூக்கினாங்கல்லா? எனக்கு ஒண்ணுமே தோணல. எனக்க உடம்புல ஒரு நோவு இல்ல. வேற யாரோ ஆடினதை டிவியில பாத்த மாதிரி இருந்திச்சு. கீழ பாத்தேன், நீங்க பெஞ்சுல கிடந்து சிரிச்சு சிரிச்சு அழுதீங்க. ஜெயிச்சது நீங்கதாம்னு தோணிச்சு.”

அவள் சொன்னது உண்மை. அன்று அவளுடைய அத்தனை ஓட்டமும் என் காலில் இருந்தது. கடைசிப் புள்ளி விழுந்தபோது என் வாழ்நாளில் முதல்முறையாக நான் ஜெயித்திருந்தேன். ஊரே அவளைத் தூக்கியபோது, ஏமாந்த பிள்ளைகள் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டேன். களைப்போடு சேர்த்து இன்னொன்றும் அந்த வில்லை வழியாக வருகிறது என்பதைத் தாங்குநர்கள் வெளியே சொல்வதில்லை.

“‘முழுசும் தா’ன்னு நீங்க சொன்னா தந்துருவேன்க்கா” என்றாள். “கோப்பை உங்களுக்கும்தான.”

பின்னாலிருந்து கேப்டன் உமையாள் கத்தினாள். “இசக்கி, அங்க என்னடி மாநாடு?”

கோப்பை கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளத்தது. எனக்கு அது வேண்டும். இனி ஒரு இறுதிப் போட்டிக்கு என் முதுகு நிமிராது. ‘தா’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். அந்த வெற்றியை இன்னொரு முறை முழுதாக என் காலுக்குள் இறக்கிக்கொள்ளலாம். பக்கத்தில் அவள் தொடை துடித்துக்கொண்டே இருந்தது. அவளுடைய துடிப்பு.

“பாதியே இருக்கட்டும். போய் ஆடு. அதுக்குக் கீழ அனுப்புன, நான் உன்கூடப் பேச மாட்டேன்” என்றேன்.

ஆடினாள். நொண்டிக்கொண்டு, கத்திக்கொண்டு, வலையில் விழுந்து எழுந்து ஆடினாள். நான் அவள் களைப்பை முதல்முறையாக வெளியிலிருந்தும் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது. டைபிரேக்கில் தோற்றோம்.

அவள் பேஸ்லைனிலேயே மல்லாந்துவிட்டாள். நான் தத்தித் தத்திப் போய்ப் பக்கத்தில் படுத்தேன்.

“வலிக்குக்கா” என்றாள். அழுதுகொண்டிருந்தாள், சிரித்துக்கொண்டும் இருந்தாள். “எல்லா இடமும் வலிக்கு. அந்தக் கடைசிப் பந்தை எடுத்திருக்கலாம்.”

“எடுத்திருக்கலாம்தான்.”

உமையாள் இரண்டு ஐஸ் பைகளோடு வந்து நின்றாள். “ஆளுக்குப் பாதி மூளை. ரெண்டும் சேந்தாலும் ஒண்ணு ஆகல” என்று திட்டிவிட்டு, எங்கள் தொடைகளில் ஐஸை வைத்து அழுத்தினாள்.

அந்தப் பக்கம் லுட்மிலா கோப்பையோடு நின்றாள். குளித்துவிட்டு வந்தவள்போல் இருந்தாள். படம் எடுப்பவர்கள் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள். பிறகு கோப்பையை யார் கையிலோ கொடுத்துவிட்டு, ஸ்ட்ரெச்சரில் கிடந்த தன் தாங்குநரிடம் போனாள். குனிந்து அந்தப் பெண்ணின் ஷூவைக் கழற்றினாள். பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டாள்.

செக் மொழி எனக்குத் தெரியாது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு, விரலை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நகர்த்தியபடி, ஒவ்வொரு பந்தாக, நிதானமாக அவளுக்குச் சொல்லத் தொடங்கினாள்.