பெடலில் வந்த அறிவிப்பு

முசரவாக்கத்தில் அப்பாதுரை மைக் செட் வைத்திருக்கும் கொட்டகைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். வண்டியை நிறுத்துவதற்குள் என் தம்பி விக்னேஷ் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டான். கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே வைத்துக் காலால் மிதிக்கிற பெட்டி ஒன்றை அவன் கொஞ்ச நாளாக வீட்டில் செய்துகொண்டிருந்தான். மிதித்தால் கிதார் சத்தம் பட்டுத்துணி கிழிகிற மாதிரி வருமாம். ஃபஸ் பெடல் என்று பெயர். கடையில் வாங்கித் தொலையேண்டா என்றால், கையால் செய்ததில்தான் உயிர் இருக்கும் என்பான். அவன் பேச்சுக்கு நான் என்றைக்கும் மயங்கியதில்லை. ஆனாலும் கூடவே போவேன், ஒரே தம்பி.

ரெசிஸ்டர், கண்டன்சர், கால் சுவிட்ச் எல்லாம் சென்னை ரிச்சி தெருவில் கிடைத்துவிட்டன. அந்தக் காலத்து ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் மட்டும் கிடைக்கவில்லை. ஆன்லைனில் வந்தவை போலி. பழைய மைக் செட்டுகளுக்குள் அசல் இருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

அப்பாதுரை திருப்புட்குழி உற்சவத்துக்கு செட் கட்டப் போயிருந்தார். அவர் மனைவி காந்தா, "பழசெல்லாம் அங்கதான் கெடக்குது. வேணும்கிறத எடுத்துக்கோங்கப்பா" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போனார்.

குவியலில் இருந்ததெல்லாம் துரு. மூலையில் ஒரு செட் மட்டும் தனியாக, சாக்கு போர்த்தி இருந்தது. விக்னேஷ் மூடியைக் கழற்றியதும் ஊதுபத்தியும் வாடின ரோஜாவும் கலந்த வாடை அடித்தது. சாவு வீட்டு வாடை. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அவன் புதையல் கண்டவன் மாதிரி சிரித்தான்.

மறுநாள் காலை எங்கள் வீட்டு மாடி அறையில், அந்த செட்டில் கழற்றிய டிரான்சிஸ்டர்களைப் பற்றவைத்து முடித்தான். அம்மாவின் அலுமினிய டிபன் டப்பாதான் பெட்டி. கிதாரைத் தொடாமலே பெடலை மிதித்தான். ம்ம்ம் என்று ஒரு இரைச்சல்.

இரைச்சலுக்குள் ஒரு ஆண் குரல்.

"புவனேஸ்வரியின் கணவரும்… ஜெயக்குமாரின் தகப்பனாருமாகிய… குமாரசாமி அவர்கள்… இறைவனடி சேர்ந்தார்…"

"ரேடியோ புடிக்குதுக்கா. ஃபஸ்ஸுல இது சகஜம்" என்றான் விக்னேஷ்.

சாவு அறிவிப்பை எந்த ரேடியோ சொல்லும்? ஜன்னலுக்கு ஓடினேன். தெருவில் சாவு சொல்லிக்கொண்டு போகிற ஆட்டோ எதுவும் இல்லை. பின் தெரு குமாரசாமி பால் வாங்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துக் கை ஆட்டினார்.

சாயந்திரம் ஒலிபெருக்கிக் குழாய் கட்டின ஆட்டோ நிஜமாகவே வந்தது. அதே உறவுகள், அதே வரிசை, அதே பெயர்.

அதைத் தூக்கிக் குப்பையில் போடு என்று கத்தினேன். தற்செயல் என்றான். அதை நிரூபிக்கிறேன் பார் என்று மறுநாள் என் கண்ணெதிரே மறுபடி மிதித்தான். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது.

ரோஜா வாடை முதலில் வந்தது.

"கந்தன், அகிலா தம்பதியரின் ஒரே மகனும்…"

எங்கள் அப்பா கந்தன். அம்மா அகிலா.

"காயத்ரியின் அருமைத் தம்பியுமாகிய…"

எங்கள் ஊர்ப் பக்கம் சாவு அறிவிப்பில் உறவெல்லாம் முதலில் வரும். போனவரின் பெயர் கடைசியில்தான் வரும். நான் பாய்ந்து பேட்டரியைப் பிடுங்கினேன்.

குரல் நின்றது. விக்னேஷின் முகம் வெளுத்துப் போயிருந்தது. நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

பெடலைப் பையில் போட்டுக்கொண்டு முசரவாக்கத்துக்கு விரட்டினோம். அப்பாதுரை வந்திருந்தார். சாக்கு போர்த்திய செட்டிலிருந்து எடுத்தது சாவு சொல்கிறது என்றதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அது எங்க அண்ணன் வச்சிருந்த செட்டும்மா. ஒரு சாவு சொல்லிக்கினு போனான். உறவெல்லாம் சொல்லிட்டான். பேரைச் சொல்றதுக்குள்ள மைக்கைப் புடிச்சபடியே சாஞ்சுட்டான்."

"அதுக்கு?"

"எங்க தொழில்ல, ஆரம்பிச்சா பேரைச் சொல்லாம வண்டி நகராது. செட்டு நின்னுபோனாக்கூட எறங்கி நின்னு வாயால கத்தி முடிப்போம். அன்னிக்கு யாரும் முடிக்கல." என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்களுக்கு பேரு வந்துச்சாம்மா?"

"வரல. அதுக்குள்ள பேட்டரியைப் புடுங்கிட்டேன்."

"பாதியிலயா?"

காந்தா கதவருகே வந்து நின்றார்.

அப்பாதுரை டிரான்சிஸ்டர்களைக் கழற்றி செட்டுக்குள் வைத்துக் கற்பூரம் காட்டினார். "இந்த செட்டு இனிமே பேசாதும்மா" என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

வீடு திரும்பினோம். அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். உப்புமா கிளறி மாடியில் தம்பிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் எடுத்தவன் நிறுத்தினான்.

"கந்தன், அகிலா தம்பதியரின்…"

அவன் குரல் இல்லை.

"விக்கி, விளையாடாதே."

அவன் கண்கள் என்னைக் கெஞ்சின. அவை அவனுடையவைதான். வாய் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"…ஒரே மகனும், காயத்ரியின் அருமைத் தம்பியுமாகிய…"

இரண்டு கையாலும் அவன் வாயைப் பொத்தினேன். அவனும் என் கைகளின் மேல் தன் கைகளை வைத்து அழுத்தினான். மூக்கால் மூச்சு விட்டான். உள்ளங்கைக்குள் உதடுகள் முட்டின. பெயர் மட்டும் வெளியே வரவில்லை. வர விட மாட்டேன். எத்தனை நாளானாலும் இப்படியே உட்கார்ந்திருப்பேன் என்று அவன் காதில் சொன்னேன். தலையை ஆட்டினான்.

கீழே கேட் திறந்தது. செருப்பைக் கழற்றும் சத்தம். கோயிலிலிருந்து வந்தால் அம்மா படியேற மாட்டாள், அங்கிருந்தே கூப்பிடுவாள். எனக்கு அது தாமதமாகத்தான் உறைத்தது. வேண்டாம்மா என்று கத்த வாயைத் திறந்தேன்.

"விக்னேஷு" என்றாள் அம்மா.

உள்ளங்கைக்குள் உதடுகள் நின்றன. என் கைகளை அழுத்திக்கொண்டிருந்த அவன் கைகள் நழுவி மடியில் விழுந்தன.

பிறகு உதடுகள் மட்டும் மெல்ல அசைந்தன.

"அவர்கள்…"