டர்க்காய்ஸின் மேல் ஒரு தீற்றல்

"பார்த்து... பார்த்துங்க... ஐயோ, பார்த்து!"

மூன்றாவது 'பார்த்து' முடிவதற்குள் மோதியே விட்டார்கள்.

நூலகத்தின் மாடிப்படித் திருப்பம். மேலேயிருந்து காலி வாளியோடு தண்ணீர் பிடிக்க இறங்கியவள் அவள். கீழேயிருந்து, கதவு அகலத்துக்கு ஒரு பலகையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிச் சுமந்து வந்தவன் அவன். வாளி தடதடவென்று உருண்டு ஓடியது. அவனோ பலகையைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, விழ வேண்டிய அடியை முழங்காலில் வாங்கிக்கொண்டான்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். பலகை மெல்லக் கீழே இறங்கியது. அதன் விளிம்புக்கு மேலே இரண்டு கண்கள்... இமை முழுக்க மழைத்துளி... வலியிலும் சிரிக்கிற கண்கள். வந்த திட்டு தொண்டையிலேயே உட்கார்ந்துகொண்டது.

"இவ்ளோ பெரிசைத் தூக்கிட்டு லிஃப்ட்ல வரக்கூடாதா?" என்றாள், குரலில் இருக்க வேண்டிய காரம் இல்லாமல்.

"லிஃப்ட் ஓடலைங்க."

"மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதானே?"

"நான்தாங்க அந்த மெக்கானிக்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"நல்லா சிரிங்க. இதுக்கு உள்ள இருக்கிறது எங்க அக்காவோட உசுரு. கண்காட்சியில முதல் தடவையா வைக்கிறா. ஒரு சொட்டுத் தண்ணி பட்டுச்சோ, என் உசுரு காலி."

"அப்படிப்பட்டதை உங்ககிட்ட குடுத்திருக்காங்களே!"

"வேற ஆள் கிடைக்கலை. நான் தொட்டது துலங்காதுன்னு எங்க வீட்ல எனக்குப் பேரு."

சிரித்துக்கொண்டே சொன்னான். அந்தச் சிரிப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யோசிக்க அவளுக்கு அப்போது நேரமில்லை. வாளியைத் தேடிக்கொண்டு ஓடினாள்.

நூலக மாடி ஹாலில் வாரம் ஒருமுறை காகிதக் கலை சொல்லித்தருகிறவள் அவள். பிள்ளை பெற்றவர்கள், வேலையில் ஓய்வு பெற்றவர்கள் என்று ஒரு கூட்டமே அவளிடம் படிக்கிறது. எல்லோருக்கும் அவள் 'கலர் டீச்சர்'. அவளுடைய செல்லம் டர்க்காய்ஸ். நீலத்தோடும் முழுசாகச் சேராமல், பச்சையோடும் போய் ஒட்டாமல் நடுவில் நின்று கண் சிமிட்டுகிற அந்த நிறம். "பவள நிறத்தோட வெச்சா டர்க்காய்ஸ் சிரிக்கும். சாம்பலோட வெச்சா சாந்தமா இருக்கும். கறுப்போட வெச்சா கத்தும். ஆனா தனியா மட்டும் விட்டுடாதீங்க, குளிர்ல நடுங்கும். பக்கத்துல கொஞ்சம் துரு நிறம் குடுங்க..." என்று அவள் சொன்னால் வகுப்பே தலையாட்டும்.

நம் டீச்சருக்கு ஒரு கெட்ட பழக்கமும் உண்டு. மாணவர்கள் செய்ததில் குறை தெரிந்தால் வாயால் சொல்ல மாட்டாள். பிரஷ் தானாகக் கைக்கு வந்துவிடும்.

அன்று தண்ணீரோடு திரும்பி வந்தபோது, கண்காட்சிக்காக அவளுடைய மாணவர்கள் செய்ததை அடுக்கியிருந்த மேசைக் கடைசியில் புதிதாக ஒரு ஓவியம் கிடந்தது. மை பூசிக் கிழித்து ஒட்டிய காகிதங்கள், பழைய உறைகளின் உள்தாள்கள், நூல் தையல்... பச்சை கலந்த டர்க்காய்ஸிலிருந்து நீலம் கலந்த டர்க்காய்ஸ் வரை அலை அலையாக. நடுவில் துளியூண்டு பவள நிறம். பெயர்ச்சீட்டு இல்லை.

எதையுமே பாதியில் விட்டுவிட்டு ஓடுகிற ஒரு மாமி அவளிடம் படித்தாள். வகுப்பில் அந்த மாமிக்கு அவசரக்குடுக்கை என்றே பெயர். 'அட, அவசரக்குடுக்கையா இவ்வளவு அழகா செஞ்சது!' என்று பூரித்துப்போனாள் டீச்சர். 'ஆனா இந்த வலது மூலை... வெறும் டர்க்காய்ஸா நடுங்குதே...'

பிரஷ் கைக்கு வந்துவிட்டது. துரு நிறத்தைத் தண்ணீரில் கரைத்து, அந்த மூலையில் ஒரே ஒரு தீற்றல்.

மை பூசினால் மேலே வார்னிஷ் அடித்து மூட வேண்டும் என்பது அவளுடைய வகுப்பின் முதல் பாடம். அதனால் ஈரப் பிரஷை வைக்க அவள் யோசிக்கவே இல்லை. இந்த ஓவியத்துக்கு யாரும் வார்னிஷ் அடிக்கவில்லை. டர்க்காய்ஸ் கரைந்து ஓடியது. துரு அதன் பின்னாலேயே ஓடியது. இரண்டும் சேர்ந்த இடமெல்லாம் சாக்கடைச் சேறு. பதறிப்போய் டிஷ்யூ தாளால் ஒற்றினாள். காகிதமும் சேர்ந்து உரிந்து வந்தது.

அப்போதுதான் நாற்காலியில் மடித்து வைத்திருந்த பிளாஸ்டிக் தாளைப் பார்த்தாள். மழைத்துளி இன்னும் காயாத பிளாஸ்டிக் தாள்...

'அக்காவோட உசுரு'... அதுதான் இது! 'காத்துப் பட்டா காயும்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பக்கத்து ஜன்னலின் தாழ்ப்பாளை நீக்கினாள். அது இறுகியிருந்தது, இரண்டு கையாலும் இழுக்க வேண்டியிருந்தது. திறந்ததும் காற்றோடு மழைச் சாரலும் உள்ளே வந்து மேசை மேல் விழுந்தது. படியில் காலடிச் சத்தம். அவள் மேசையின் மறுகோடிக்குப் போய், ஒழுங்காகத்தான் இருந்த வாழ்த்து அட்டைகளை மறுபடியும் அடுக்க ஆரம்பித்தாள்.

அவனும் அவன் அக்காவும் உள்ளே வந்தார்கள். அக்கா ஓவியத்தைப் பார்த்தாள். பிறகு ஜன்னலை.

"யாருடா திறந்து வெச்சது?"

"நான்... மூடிட்டுத்தான்க்கா போனேன். மூடின மாதிரிதான் ஞாபகம்..."

"மூடின மாதிரி! உனக்கு எல்லாமே 'மாதிரி'தான்டா. கேஸை அணைச்ச மாதிரி, கதவைப் பூட்டின மாதிரி... உன்னை நம்பினேன் பாரு!"

அக்கா அழவில்லை. கிழிந்த மூலையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போய்விட்டாள்.

அவன் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். சற்று முன் சிரித்த கண்கள்தானா அவை? சொல்லிவிடு... இப்போதே சொல்லிவிடு... டீச்சர் வாயைத் திறந்தாள்.

"டிஷ்யூ வேணுமா?" என்றுதான் வந்தது.

அன்று முழுக்க அவள் முகம் எரிந்தது. பார்க்க வந்தவர்கள் "டீச்சர் கை பட்டா கலரே பேசுது" என்று புகழ்ந்தபோது, அந்தக் கையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் துப்பட்டாவுக்குள் சுற்றிக்கொண்டாள்.

அடுத்த வகுப்புக்கு அவனே வந்து நின்றான்.

"எனக்கும் டர்க்காய்ஸ் சொல்லிக்குடுங்க டீச்சர். அக்கா சாப்பாடு போடுறா, பேச மாட்டேங்கிறா. அதே மாதிரி ஒண்ணு செஞ்சு அவ முன்னால வைக்கணும்."

'முடியாது' என்று எப்படிச் சொல்வாள்? 'முடியும்' என்றுதான் எப்படிச் சொல்வாள்? மூலையில் ஒரு நாற்காலியைக் காட்டினாள்.

அவன் விரல் இடுக்கில் கிரீஸ் கறை. அதன்மேல் புதிதாக டர்க்காய்ஸ் கறை. காகிதம் கிழிக்கச் சொன்னால் திருகு முடுக்குகிறவன் மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு கிழித்தான்.

"டீச்சர், டியூப்லைட்டுக்குக் கீழ நீலமா இருந்துச்சு. ஜன்னல் பக்கம் வந்தா பச்சையா இருக்கு. இது என்னதான் நிறம்?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"அப்போ எங்க குடும்பத்து நிறம்தான். ஒரு முடிவுக்கே வராது."

அவள் சிரித்தாள். சிரித்த மறுநொடி நெஞ்சில் சுருக்கென்றது. இவனோடு சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஆனாலும் வாரம் பிறந்தால் அவன் வருகிற நாளுக்குக் கண் ஏங்கியது. அவன் குனிந்து ஒட்டும்போது நெற்றியில் விழுகிற முடியை ஒதுக்கிவிடக் கை துறுதுறுத்தது. வெட்கமும் அவமானமும் ஒரே கன்னத்தில் வந்து சிவந்தால் எது எதுவென்று யாருக்குத் தெரியும்?

ஒருநாள் வகுப்பு முடிந்து இருவரும் தெருவுக்கு வந்தார்கள். அவன் சட்டென்று நின்றான். "ஒரு நிமிஷங்க..." என்று திரும்பி மாடிக்கு ஓடினான். இறங்கி வந்து, கொஞ்ச தூரம் நடந்து, மறுபடியும் ஓடினான்.

"என்ன மறந்தீங்க?"

"ஒண்ணுமில்ல... ஜன்னலெல்லாம் மூடியிருக்கான்னு." அசடு வழியச் சிரித்தான். "முன்னெல்லாம் இப்படி இல்லைங்க. வீட்ல என்ன பேரு இருந்தாலும், வேலையில என் கைமேல எனக்கு நம்பிக்கை உண்டு. இப்போ அதுவும் போச்சு. முடுக்கின திருகையே திரும்பத் திரும்பப் போய்ப் பாக்கிறேன். கூட இருக்கிறவங்க கேலி பண்றாங்க. அன்னிக்கு மூடினேன்னு சத்தியமா நினைச்சேன் பாருங்க... மூடலைன்னா, என் ஞாபகத்தையே எப்படி நம்புறது?"

கெடுத்தது ஒரு ஓவியத்தை என்றுதானே இத்தனை நாளும் நினைத்திருந்தாள்! சொல்லிவிடலாம்தான். சொன்னால் 'கலர் டீச்சர்' என்ற பேர் போகும். அது போகட்டும். இந்தக் கண்கள் இனி தன்னைப் பார்க்காமல் போய்விடுமே...

அன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் சொல்லவில்லை. அவன் ஓவியம் மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது.

கடைசி வார்னிஷ் அடித்த மாலை, மற்றவர்கள் போய்விட்டார்கள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவன் பிரஷைக் கழுவினான். துடைத்தான். கழுவிய பிரஷையே மறுபடியும் கழுவினான்.

"டீச்சர்... உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். சிரிக்கக்கூடாது."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. மனசு ஒரு பக்கம் துள்ளியது, ஒரு பக்கம் ஓடி ஒளிந்தது.

"அன்னிக்கு அந்த ஜன்னலை நான் ஒழுங்கா மூடியிருந்தா, உங்களைத் திரும்பப் பாத்திருக்கவே மாட்டேன். அதனால அந்த மறதிக்கு ஒரு பெரிய கும்பிடு. என் வாழ்க்கையில நான் பண்ணின நல்ல காரியமே அந்த ஒரு தப்புதான்..."

"நீங்க மூடினீங்க."

"என்னது?"

"ஜன்னலை நீங்க மூடிட்டுத்தான் போனீங்க." குரல் உடைந்தது. "நான்தான் திறந்தேன். அந்த ஓவியத்தைக் கெடுத்தது மழை இல்ல. என் மாணவியோடதுன்னு நினைச்சு துரு நிறம் வெச்சேன், கரைஞ்சு போச்சு. காயட்டும்னு ஜன்னலைத் திறந்தேன்... இல்ல, அதுகூடப் பொய். மழை மேல பழி போகட்டும்னுதான் திறந்தேன். அது உங்க மேல வந்து விழுந்துச்சு. நான் பாத்துக்கிட்டே நின்னேன்."

அவன் திட்டுவான் என்று தலைகுனிந்து நின்றாள்.

"தாழ்ப்பாள்... போட்டிருந்தேனா?" என்று கேட்டான்.

"போட்டிருந்தீங்க. இறுக்கமா. ரெண்டு கையால இழுத்துத்தான் திறந்தேன்."

அவன் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண் கலங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கண்ணில் வேறொன்று வந்தது.

"இத்தனை வாரமா உங்களுக்குத் தெரியுமா? நான் மாடிக்கும் தெருவுக்குமா ஓடினப்போ... பக்கத்துல நின்னு பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

அவன் போய்விட்டான். ஓவியத்தையும் எடுக்கவில்லை. ஜன்னல்களைப் பார்க்கவும் திரும்பி வரவில்லை.

மறுநாள் காலை, அதே போல் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய பலகையைச் சுமந்துகொண்டு, விசாரித்து விசாரித்து அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். கதவைத் திறந்தது அவன். ஒதுங்கி வழிவிட்டான். அக்காவிடம் அவன் எதுவும் சொல்லியிருக்கவில்லை என்று, உள்ளே தைத்துக்கொண்டிருந்த அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது.

டீச்சர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா தையல் ஊசியைக் கீழே வைத்தாள்.

"எந்த மூலையில?"

"வலது பக்கம், கீழ."

"ஏன்?"

"டர்க்காய்ஸ் தனியா... குளிரா இருந்துச்சுன்னு..."

"குளிரட்டும்னுதான் விட்டேன்" என்றாள் அக்கா.

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது டீச்சருக்கு. ஊருக்கெல்லாம் நிறம் சொல்லிக்கொடுத்தவள், ஒரு நிறத்தை அதன் பாட்டுக்கு இருக்க விடவில்லை. "மன்னிச்சுடுங்க" என்றாள். அந்தச் சொல் எவ்வளவு சின்னது என்று அவளுக்கே கேட்டது.

அக்கா அவளை விட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தாள்.

"ஏன்டா, மூடினேன்னு அடிச்சுச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நம்பியிருப்பியா?"

அக்கா தரையைப் பார்த்தாள். தலை குனிந்தவர்கள் இப்போது இரண்டு பேர். பேச்சை மாற்றுவதற்காகவே அக்கா பிளாஸ்டிக் தாளைப் பிரித்தாள். வெகுநேரம் பார்த்தாள். ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"நீயா செஞ்சே? வார்னிஷ்கூட ஒழுங்கா அடிச்சிருக்கேடா. நான் அதைத்தான் கோட்டை விட்டேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "சாப்பிட்டியா?"

அவன் தலை இல்லையென்று ஆடியது. இத்தனை நாளும் பேசாமலே சாப்பாடு போட்ட அக்கா அப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை.

டீச்சர் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தெருமுனை வருவதற்குள் பின்னால் ஓட்டமும் நடையுமாகச் சத்தம்.

"குடை எடுத்துட்டு வரலையா?"

"மறந்துட்டேன்."

"மறதி என் வேலைங்க. அதையும் நீங்களே எடுத்துக்கிட்டா எப்படி?"

அவள் நிமிரவில்லை. அவன் குடையை அவள் பக்கம் சாய்த்தான். தன் தோள் நனைவதை அவன் பொருட்படுத்தவில்லை.

"கோவம் போகலை" என்றான்.

"தெரியும்."

"இப்போதைக்குப் போகாது போல இருக்கு."

"இருக்கட்டும். அது நியாயம்தான்."

"ஆனா நேத்து சொல்ல வந்தது இருக்கே... அதுவும் போக மாட்டேங்குது."

மழையா கண்ணீரா என்று தெரியாமல் அவள் கன்னம் நனைந்தது. துடைக்கத் தூக்கிய கையைக் கீழே போட்டாள்.

"நான் இன்னொண்ணையும் மறைச்சு வெச்சிருக்கேன்" என்றாள்.

அவன் முகம் சட்டென்று வெளிறியது. "இன்னுமா? என்ன?"

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. மாடிப்படியில... அந்தப் பலகைக்கு மேல கண்ணை மட்டும் பாத்த அன்னிக்கிலேர்ந்தே."

அவன் பெரிதாக மூச்சு விட்டான்.

"அட, இதையாவது அன்னிக்கே சொல்லியிருக்கக்கூடாதா?"