தேர்ந்தெடுக்காத படம்

படம் திரையில் வருவதற்கு முன்பே சிவப்புப் பொட்டு எரிந்துவிட்டது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால், மூளையைப் படம் எடுக்கும் எந்திரத்தின் குழாய்க்குள், நாலு வருஷமாக அவள் கையால் பழம் தின்று வளர்ந்த குரங்கு சமர்த்தாகப் படுத்திருந்தது. அதன் முன்னால் இரண்டு படங்கள் வரும். பிடித்த படத்தின் பக்கம் பொத்தானை அமுக்கினால் வாயிலுள்ள குழாயில் ஒரு சொட்டு ஆப்பிள் சாறு. மற்ற படம் அத்தோடு நீங்கிவிடும், மறுபடி வராது. விரல் அசைவதற்குச் சற்று முன்பே, எதை எடுக்கப்போகிறது என்று மூளையைப் பார்த்து ஊகித்து, கணினி அந்தப் பக்கம் பொட்டை ஏற்றும். அதுதான் ஆராய்ச்சி. ஆனால் படமே வராமல் எதைத் தேர்ந்தெடுப்பது?

"என்னங்க, உங்க வேலையா இது?"

பக்கத்து நாற்காலியில் எந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்த கணவன் சிரித்தான். "மாமனாரைச் சந்தேகப்படு. என்னை எதுக்கு?"

குரங்குக்கு அந்தப் பெயரை வைத்தவன் அவன்தான். முகம் அச்சு அசல் அவள் அப்பாவாம். அதற்காக அவள் இரண்டு நாள் பேசாமல் இருந்தது தனிக் கதை.

சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. புதுச் சோதனை எதுவானாலும் முதலில் பயிற்சியாளர் தானே படுத்துப் பார்ப்பது அங்கே வழக்கம். காலையில் அவள் படுத்தபோது, விளையாட்டாக வீட்டுப் படங்களைப் போட்டுவிட்டான். ஒரு பக்கம் அவன் முகம், மறு பக்கம் மகள். அவள் சட்டென்று மகளை அமுக்கினாள். "அடிப்பாவி, ஒரு பேச்சுக்காவது யோசிச்சியா!" என்று ஒலிபெருக்கியில் அலறினான். சிரித்த சிரிப்பில், குரங்கு பார்த்துவிடாமல் இருக்கக் கூண்டின் மேல் துணி போட இருவருமே மறந்திருந்தார்கள். கம்பியைப் பிடித்தபடி குரங்கு திரையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தப் படங்களை எடுத்துட்டீங்கல்ல?"

"எடுத்தாச்சு தாயே."

பொட்டு வலப்பக்கம் எரிந்தது. பிறகுதான் படங்கள். இடப்பக்கம் இதே அறையின் சுவர்க் கடிகாரம், வலப்பக்கம் வாழைப்பழம். குரங்கு பழத்தை எடுத்தது. சொட்.

எந்திரத்தின் டொக் டொக் சத்தம், குளிரூட்டியின் நீண்ட மூச்சு, சூடேறிய கம்பிகளின் மணத்தோடு கலந்து வந்த ஆப்பிள் வாசனை, எல்லாம் அப்படியேதான் இருந்தன. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு மெல்லிய சத்தம் இப்போது இல்லை. நிமிர்ந்தாள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதன் கீழே ஒரு வெளுத்த வட்டம்.

"கடிகாரத்தைக் கழட்டினீங்களா?"

"நான் எழுந்திருக்கவே இல்லையே. பேட்டரி மாத்த யாராவது எடுத்திருப்பாங்க." முகத்தில் சிரிப்பே இல்லை. நடிக்கும்போதுதான் அவனுக்கு அந்த முகம் வரும். "பொத்தான் ஒட்டிக்கிச்சு போல. பாத்துட்டு வரேன்."

உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது. மோதிரத்தையும் சாவியையும் தட்டில் போட்டுவிட்டு, போகிற போக்கில் அவள் தலையில் செல்லமாகக் குட்டினான். கனத்த கதவு மூடியது. அவன் குழாயருகே குனிவது கண்ணாடியில் தெரிந்தது.

பொட்டு. இடம்.

படங்கள் வந்தன. இடப்பக்கம் அவள். வலப்பக்கம் அவன்.

"எடுத்தாச்சாம்! புளுகு மூட்டை," என்று சிரித்தாள். குரங்கு அவளைத் தேர்ந்தெடுத்தது. அதற்கு அவள் என்றால் உயிர். சொட்.

நிமிர்ந்தபோது கண்ணாடிக்கு அப்பால் குரங்கு மட்டும்தான் இருந்தது.

கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை. அந்த அறைக்கு இருப்பது ஒரே கதவு. எந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்திருப்பான். குதித்துப் பயமுறுத்துவான். காத்திருந்தாள்.

ஒலிபெருக்கியை அமுக்கினாள். "போதும், வாங்க."

டொக். டொக்.

"என்னங்க... பயமா இருக்கு."

பக்கத்து நாற்காலியின் மெத்தையில் அவன் உட்கார்ந்த பள்ளம் இன்னும் இருந்தது. தட்டில் மோதிரம். சுவரில் ஆணி.

நிறுத்தும் பொத்தானைக் குத்தினாள். நிற்கவில்லை. மறுபடி குத்தினாள்.

கைபேசி அடித்தது. பாப்பா. பள்ளி விட்டு வந்ததும் தினமும் கூப்பிடுவாள்.

பொட்டு எரிந்தது. இடம்.

படங்கள் இன்னும் வரவில்லை. குழாய்க்குள்ளிருந்த சின்னக் கேமரா வழியே குரங்கு அவளையே பார்த்தது. பழம் உரிக்கும்போது தினமும் பார்க்கும் அதே பார்வை. அன்பு. அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை.

படங்கள் வந்தன. வலப்பக்கம், இரட்டைச் சடை, முன்பல் இல்லாத சிரிப்பு.

இடப்பக்கம், அவள்.

"வேண்டாம்டா கண்ணு," என்று கண்ணாடியை அறைந்தாள். "என்னை அமுக்காதே. அவளை அமுக்கு. அவளை..."

விரல் இறங்கியது.

சொட்.

கைபேசி பாதி மணியில் அடங்கியது. அதன் திரையில், மூவருமாகக் கடற்கரையில் எடுத்துக்கொண்ட படத்தில், அவள் மட்டும் மணலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள், இரண்டு கைகளாலும் இரண்டு பக்கமும் வெறுங்காற்றை அணைத்தபடி.