எட்டாம் எண்ணிடம் இருந்த பூட்டு

சர்வர் பெட்டிக்குள் எட்டு விசிறிகள்தான். ஆனால் ஒன்பதாவதாக ஒன்று கேட்டது. விசிறிச் சத்தம் அறுபடாமல் ஓடும். இது இழுத்தது, நின்றது, விட்டது.

பெட்டியின் கண்ணாடிக் கதவில் எலிப்பொறி காதை ஒட்டவைத்தான். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சூரியனே விலாசம் தெரியாமல் திரும்பிப் போகிற அந்த அறையில், மத்தியானமும் ஒரே குளிர். பென்குவின் வந்தாலும் சால்வை கேட்கும். சூடான பிளாஸ்டிக்கும் தூசியும் கலந்த வழக்கமான வாசனைக்கு அடியில் இன்று வேறொன்று இருந்தது. இனிப்பான இருமல் மருந்து.

இயங்குதளத்தின் அடிவயிறான கர்னலில் எந்தக் கோளாறும் அவனிடம் சிக்காமல் போனதில்லை, அதனால் எலிப்பொறி என்ற பட்டப்பெயர். பல் தேய்த்தால்கூட கர்னல் பிழையைத்தான் துப்புவான் என்பாள் மனைவி. இன்று சிக்காவிட்டால் மகள் போய்விடுவாள். மாடியில் தீவிர சிகிச்சைப் பிரிவின் மூச்சுக் கருவிகள் எல்லாம் இந்தப் பெட்டி சொல்வதைத்தான் கேட்கும். காலையிலிருந்து பெட்டி உறைந்து உறைந்து போகிறது. உறையும்போதெல்லாம் நர்சுகள் ஒவ்வொரு கட்டிலிலும் மூச்சுப் பலூனைக் கையால் அமுக்கி உயிரைப் பிடித்துவைக்கிறார்கள். ஆள் போதவில்லை. பாப்பாவின் பலூன் அவள் அம்மா கையில்.

"கை மரத்துப் போச்சுங்க," என்றாள் போனில். "சீக்கிரம்."

டார்ச் பிடிக்க வந்த எலக்ட்ரீஷியன், ஊருக்கெல்லாம் 'பல்பு', பெட்டியை எட்டிப் பார்த்தான். "என்ன சார் சொல்றாரு இந்தப் பெட்டி மாப்பிள்ளை?"

"உள்ள எட்டு பிராசசர், பல்பு. எட்டு சமையல்காரன், ஒரே கத்தின்னு வச்சுக்க. ஒருத்தன் எடுத்தா மத்தவன் எல்லாம் 'முடிஞ்சுதா, முடிஞ்சுதா'ன்னு நிப்பான். அந்தக் கத்திக்கு நாங்க பூட்டுன்னு பேரு வச்சிருக்கோம். எடுத்தவன் இன்னும் கீழ வைக்கல."

"எவன் அவன்?"

"எட்டாம் நம்பர்னு காட்டுது."

"அப்ப அவன் காதைத் திருகுங்க."

"எங்க கணக்கு பூஜ்யத்துல ஆரம்பிச்சு ஏழுல முடிஞ்சிடும். எட்டுன்னு ஒருத்தன் கிடையாது."

பல்பு சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அவனுக்கும் அந்த மூச்சு கேட்டுவிட்டது. "ஃபியூஸ் பாக்கணும் சார்," என்று கிளம்பியவன் போன வேகத்துக்கு, அவனுடைய செருப்புகள் மறுநாள்தான் வீடு போய்ச் சேர்ந்திருக்கும்.

இப்படிப்பட்ட பிழைக்கு எலிப்பொறியிடம் ஒரே வழிதான். பிராசசர்களை ஒவ்வொன்றாக அணைப்பது. எது அணைகையில் கோளாறும் போகிறது என்று பார்ப்பது. ஏழாம் நம்பரை அணைத்தான். ஒரு விசிறி முனகி ஓய்ந்தது. ஆறு. ஐந்து. அறை ஒவ்வொரு சத்தமாக இழந்துகொண்டு வர, அந்த ஒன்று மட்டும் துலங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் பூஜ்யம் மட்டும். ஒற்றைச் சமையல்காரன், சண்டைக்கே ஆள் இல்லை.

திரையில் அதே வரி. பூட்டு: 8.

இழுத்தது. நின்றது. விட்டது.

போன் அடித்தது. "என்னங்க, பாப்பாவுக்கு மூச்சு வந்துடுச்சு," மனைவி அழுதாள். "திரையில கோடு அழகா ஓடுது. பலூனைக்கூட விட்டுட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "ஆனா நெஞ்சு அசையலைங்க. கோடு மட்டும்தான் ஓடுது."

கண்ணாடிக் கதவில், உட்புறம், அவன் இடுப்பளவு உயரத்தில், ஆவி படர்ந்தது. உள்ளங்கை அகலம். மறைந்தது. மறுபடி படர்ந்தது. பாப்பா எதிரே நின்றால் அவள் வாய் அங்கேதான் வரும். அந்த இருமல் மருந்தும் அவளுடையதுதான்.

ஒரு கட்டளை மிச்சம் இருந்தது. எட்டை அறுத்தெறிந்து பூட்டைப் பிடுங்குவது. மாடியில் எல்லாக் கருவிகளும் ஓடும். தட்டினான். விரல் என்டர் மேல். போனுக்குள் யாரோ நர்ஸ், "கை ஓயுது, இன்னும் எவ்வளவு நேரம்னு கேளுங்க," என்று கத்தினாள்.

கண்ணாடியில் ஆவி வரவில்லை.

பயந்தால் பாப்பா மூச்சைப் பிடித்துக்கொள்வாள். ஊசி போடும்போது. லைட்டை அணைக்கும்போது.

விரலை எடுத்தான். கட்டளையை அழித்தான். ஓர் எழுத்து விடாமல்.

இழுத்தது. விட்டது.

"பக்கத்து பெட் பெரியவருக்கும் கோடு வந்துடுச்சாம்," என்றாள் மனைவி, மெதுவாக. "எதிர்ல அந்தப் பொண்ணுக்கும். நெஞ்சுதான் யாருக்கும்..."

திரையில் 8க்குக் கீழே 9. அதற்கும் கீழே 10.

கதவில் அவன் தோளுயரத்தில் ஓர் ஆவி வட்டம். மார்பளவில் ஒன்று. 11. இன்னொன்று. இடம் போதவில்லை.

இடுப்பளவில் இருந்த சின்னது, கொஞ்சம் நகர்ந்து, அவர்களுக்கு வழிவிட்டது.