வெயில் படக்கூடாத கன்னம்

"ஐயோ...! அம்மா...!"

மூடிய கதவைத் தாண்டிக்கொண்டு வந்தது அந்த அலறல்.

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த தங்கை காதைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே அடி வாங்குகிறவன் ஒரு லிஃப்ட் மெக்கானிக். இடது கன்னத்தில், காதடியிலிருந்து உதட்டோரம் வரை தடித்த தழும்பு. ஊரே அவனைக் 'கோடு' என்றுதான் கூப்பிடும்.

இப்போது அந்தக் கோடுதான் அவனுக்கு எமன்!

போன வருஷம் அவள் அக்கா குளியலறையில் கழுத்து நெரிக்கப்பட்டுச் செத்தாள். சும்மா சாகவில்லை. சுவர்க் கண்ணாடியை உடைத்து, ஒரு சில்லால் கொலைகாரனின் முகத்தைக் கிழித்துவிட்டுத்தான் செத்தாள்!

கரண்ட் போன மாடிப்படியில் தங்கையை இடித்துத் தள்ளிவிட்டு ஓடினான் அவன். அவள் கையிலிருந்த செல்போன் வெளிச்சத்தில் தெரிந்தது முகம் முழுக்கக் குல்லாய். இடது கன்னத்தில் மட்டும் குல்லாயும் சதையும் சேர்ந்து பிளந்து... ரத்தம்!

அவள் பார்த்தது அவ்வளவுதான்.

கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் கையைத் துண்டில் துடைத்தபடி வந்தார்.

"கல்லுளிமங்கன்ம்மா! ஒத்துக்கவே மாட்டேங்கிறான். லிஃப்ட் கம்பி அறுந்து அடிச்ச தழும்பாம். ரொம்பப் பழசாம்."

"நிஜமா இருந்தா என்ன சார் பண்றது? கண்ணாடிச் சில்லுல இருந்த ரத்தத்தோட இவன் ரத்தத்தை ஒத்துப் பாக்கணும்னு லேபுக்கு அனுப்பினீங்களே..."

"ரிசல்ட் வரும்போது வரட்டும். அதுவரைக்கும் என் கை சும்மா இருக்குமா?"

"கரெக்ட் சார்! சட்டுபுட்டுன்னு கேஸை முடிங்க!" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

அத்தான்! செத்த அக்காவின் புருஷன்.

நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்றில் வேலை. பெண்டாட்டி செத்த சேதி போனபோது போனில் ஓவென்று அழுதான். ஆனால் வரவில்லை. கடல் கொந்தளிப்பாம், படகு இல்லையாம். அப்புறம் லீவு இல்லையாம். வீடியோ காலில்கூட முகத்தைக் காட்டவில்லை. நெட்வொர்க் இல்லையாம், பாவம்!

ஒரு வருஷம் கழித்து முந்தாநாள் வந்து இறங்கினான். மொழுமொழு முகம். செக்கச்செவேலென்ற கன்னம்.

வந்தது, தங்கை வளர்க்கிற தன் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போக!

"சாயங்காலமே பாப்பாவோட கிளம்பிடறேன்."

"அத்தான், அவ ராத்திரியில என் கையைப் பிடிச்சுக்காம தூங்க மாட்டா. கொஞ்ச நாள் போகட்டுமே..."

"என் பொண்ணு. நான் கூட்டிட்டுப் போவேன்."

அக்கா விட்டுப்போன ஒரே உயிர். அதையும் பிடுங்கிக்கொண்டு போகிறானே!

ஒரு கான்ஸ்டபிள் மெக்கானிக்கை இழுத்து வந்து தரையில் தள்ளினார். கையில் விலங்கு. கிழிந்த உதடு. வீங்கிய கண்.

"நான் இல்லம்மா... சத்தியமா நான் இல்ல..."

அத்தான் குனிந்து அவன் தழும்பைப் பார்த்தான். சிரித்தான்.

"டேய் கோடு! காயம் ஆறி மூடினதுமே ஒரு க்ரீம் வாங்கித் தடவியிருக்கலாம்ல? ரெண்டு வேளை, விடாம. அழுத்தித் தேய்க்கணும். முக்கியமா வெயில் படவே கூடாது, பட்டா கருத்துடும். ஒரே வருஷத்துல இருந்த இடமே தெரியாது!"

பேசிக்கொண்டே சட்டைப் பையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்துத் தன் கன்னத்தில் தடவிக்கொண்டான்.

"உங்களுக்கு எதுக்கு அத்தான் அது?"

"வெயில்ல வந்தேன்ல... நீ போய் பாப்பா துணியை எடுத்து வை. உங்கக்கா மாதிரியே வாயாடாத. அவ போய்ச் சேர்ந்ததே அந்தக் குழந்தைக்கு நல்லது!"

பளார்...!

ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது.

ஒரு வருஷ அழுகையையும் உள்ளங்கையில் வைத்து அறைந்திருந்தாள் தங்கை. அந்தச் சிவந்த இடது கன்னம் மேலும் ரத்தமாய்ச் சிவந்தது.

ஆனால் முழுசாக அல்ல!

சிவப்புக்கு நடுவே சிவக்காத ஒரு கோடு. காதடியில் தொடங்கி... வளைந்து... உதட்டோரம் வரை. வெள்ளை வெளேரென்று!

இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த துண்டு நழுவியது.

"அத்தான்..." அவள் அந்தக் கோட்டைச் சுட்டிக் காட்டினாள். "மாடிப்படியில என்னை இடிச்சுட்டு ஓடினது... நீங்களா?"

சலீர்!

மேஜையிலிருந்த கண்ணாடி டம்ளரை அத்தான் உடைத்தான். உடைந்த கண்ணாடி அவள் கழுத்தில் பதிந்தது. சூடாக ஒரு சொட்டு ரத்தம் இறங்கியது.

"யாரும் கிட்ட வராதீங்க! அறுத்துடுவேன்!"

"நீ கடல்ல இல்ல இருந்தே?" கத்தினார் இன்ஸ்பெக்டர்.

"எனக்குப் பதிலா என் கூட்டாளி வேலை ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டான்யா! அவ விவாகரத்து வேணும்னு சொன்னா... பொண்ணையும் கூட்டிட்டுப் போயிடுவேன்னா. விட்டுடுவேனா? கன்னத்தைக் கிழிச்சுட்டாளே பாவி! ஒரு வருஷம் வெளிய தலைகாட்டாம தடவித் தடவி..."

தங்கை குனிந்து அவன் மணிக்கட்டைக் கவ்வினாள். பல் எலும்பில் இடிக்கும்வரை கடித்தாள்!

"ஆ...!"

கண்ணாடி விழுந்தது. அதே நொடியில் தரையிலிருந்து எழுந்தான் மெக்கானிக். விலங்கு மாட்டிய கைகளை அத்தானின் தலைக்கு மேலே வீசி, கழுத்தை வளைத்து இழுத்தான். மேஜை முனையில் போய் மோதியது அத்தானின் முகம். ஒருமுறை... இன்னொரு முறை...

"போதும்டா! செத்துடப் போறான்!" இன்ஸ்பெக்டர் பாய்ந்து பிடித்தார்.

அத்தான் தரையில் சுருண்டான். இதுவரை ஒழுங்காக இருந்த வலது கன்னமும் இப்போது கிழிந்து தொங்கியது.

தங்கை ஓடிப்போய் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சிடுங்கண்ணே... தழும்பைப் பார்த்து நானும்தான் சந்தேகப்பட்டேன்."

"விடும்மா. நீ போய் பாப்பாவைப் பாரு. இனி அவ உன் கையை விட வேண்டாம்."

இன்ஸ்பெக்டர் தலையைக் குனிந்துகொண்டு விலங்கைக் கழற்றினார். கீழே கிடந்த ட்யூபை எடுத்து, எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"'தழும்பின் தோற்றத்தைக் குறைக்கும்'... அடப்பாவி! தோற்றத்தை மட்டும்தான்னு இதுலயே போட்டிருக்கானே!"

மெக்கானிக் வாயிலிருந்த ஆடிய பல்லைத் துப்பினான். ட்யூபை வாங்கி, அத்தானின் சட்டைப் பையிலேயே பத்திரமாகச் சொருகினான்.

"வச்சுக்க சார், வலது கன்னத்துக்கு ஆகும். ரெண்டு வேளை, விடாம. நீ போற இடத்துல வெயிலே படாது!"